நெருங்கிய உறவு என்ற கட்டம்

ஒன்று, சிலேட்டு. ஒன்பது வயதில் வாத்தியார் அவன் சிலேட்டைக் கையால் வாங்காமல் பிரம்பு நுனியால் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கணக்குச் சரி என்று பிரம்பிடமே சொன்னார். இரண்டு, பல். பன்னிரண்டு வயதில் மில் வாசலில் மேஸ்திரி அவனை வாயைத் திறக்கச் சொல்லி, சந்தையில் கன்றுக்குப் பார்ப்பதுபோலப் பார்த்து, வயது பதினைந்து என்று எழுதிக்கொண்டான். மூன்று, அண்ணன் சின்னானுடைய விரல்கள். பஞ்சு சீவும் கார்டிங் மிஷின் இரண்டைத் தின்றது. ஆளின் அஜாக்கிரதை என்று மானேஜர் எழுதினார். அதன் கீழே அண்ணன் மிச்சமிருந்த கட்டைவிரலை மையில் தோய்த்து அழுத்தினான். நான்கு, வாசல். நாற்பதாம் வருஷத்து வேலைநிறுத்தம் தோற்றதும் ஊரிலிருந்த எல்லா மில் வாசல்களிலும் இவர்களுக்கு வேலை கொடுக்கக்கூடாது என்று பதினோரு பேர் கொண்ட ஒரு காகிதத்தை ஒட்டினார்கள். முதல் பேர் மாரப்பன். ஐந்து, மேடை. நாற்பத்தொன்று சித்திரையில் அவனுக்கும் ரங்காத்தாளுக்கும் கல்யாணம் நடக்கவிருந்த மேடையைப் போலீஸ் வந்து பிரித்துப் போட்டது. ஆறு, பட்டாளத்துக்குப் பேர் கொடுத்த அன்று... இல்லை. அது ஏழு. ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவே ஒன்று இருக்கிறது. அந்த இடம் வந்ததும் மாரப்பன் நிறுத்திக்கொண்டான். திரும்பவும் சிலேட்டிலிருந்து ஆரம்பித்தான். வரிசை தப்பினால் முதலாளி சிரிப்பான், கோரிக்கையை வரிசையாகச் சொல்லத் தெரியாதவனுக்குக் கோரிக்கையே கிடையாது என்று சங்கத்தில் எத்தனை பேரை அவன் கண்டித்திருப்பான். ஒன்று, சிலேட்டு.

“இன்னா அண்ணாத்தே, வாய்க்குள்ளியே ஜபம் பண்ற? நீதான் சாமி இல்லேன்ற ஆளாச்சே” என்றான் பின்னால் நின்ற எத்திராஜு. ஆரணிக்காரன். சாவு வீட்டிலும் சிரிக்க ஏதாவது கண்டுபிடிப்பான். மாரப்பன் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் பதினேழு பேர் நின்றார்கள். பதினேழு முதுகு, பதினேழு வேர்வைக் கறை. அதற்கு அப்பால் தார்ப்பாய்ப் பந்தலின் கீழே, இரண்டு வெடிமருந்துப் பெட்டிகளைச் சேர்த்துப்போட்ட மேஜையின் பின்னால், ஹவில்தார் கிளார்க் எபனேசர் உட்கார்ந்து ஒவ்வொருவனுடைய காகிதத்தையும் எடுத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பர்மாவில் மார்கழி மத்தியானம். மூங்கில் காட்டுக்குள்ளிருந்து பனி இன்னும் முழுக்கப் போகவில்லை, ரோட்டில் மட்டும் லாரிகள் கிளப்பிய தூசி. இது பயனியர் கம்பெனி. துப்பாக்கி தோளில் தொங்கும், கையில் இருப்பது மண்வெட்டி. மற்றவர்கள் சண்டைபோட ரோடு போடுகிறவர்கள், பாலத்துக்குப் பலகை சுமக்கிறவர்கள். சாப்பாடு முடிந்ததும் ஆற்றங்கரைக்குப் போகவேண்டும். அக்கரையில் ஜப்பான்காரன் இருக்கிறான்; இக்கரையில் பலகையோடு யார் தெரிந்தாலும் குண்டு போடுகிறான். போன மாதம் சூசை அப்படித்தான் செத்தான். அவன் செத்த செய்தி, காகிதத்தில் எழுதியிருந்தபடி அவன் தாய் பேருக்குத் தந்தியாகப் போனது. தாய் போன வருஷமே செத்துப்போயிருந்தாள். சூசைக்கு ஆறு அடி மண் போட்டு இருபது நாள் கழித்து அவன் பெண்சாதியிடமிருந்து கம்பெனிக்குக் கடிதம் வந்தது: கிறிஸ்துமசுக்கு லீவு உண்டா இல்லையா, கோழியை விற்கலாமா வைத்திருக்கலாமா. அந்தக் கடிதத்தை எபனேசர்தான் படித்தார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. அதனால்தான் இன்றைக்கு இந்த வரிசை. கரைக்குப் போவதற்குமுன் ஒவ்வொருவனும், தான் செத்தால் யாருக்குச் சொல்லவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போகவேண்டும்.

யாருக்குச் சொல்லவேண்டும். மாரப்பனுடைய காகிதத்தில் அண்ணன் பேர் இருக்கிறது. இரண்டு விரல் போனதற்குக் கூலியாக மில் வாசலில் காவல் வேலை கிடைத்த அண்ணன். தம்பி பேர் ஒட்டிய காகிதத்துக்குப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்த அண்ணன். சாமியில்லாத கல்யாணத்துக்கு என் வீட்டு நாய்கூட வராது என்று சொன்னவன். அவனிடம் தந்தி போனால் மடித்துப் பரண்மேல் செருகிவிடுவான். இரண்டு தெரு தள்ளி, மில் ஆட்கள் குடியிருக்கும் லைனில், குழாயடிக்குப் பக்கத்து வீட்டில் இருப்பவளுக்குப் போய்ச் சொல்லமாட்டான். அப்புறம் அவள் காத்திருப்பாள். யுத்தம் முடியும், வெடி போடுவார்கள், ரயிலில் ஆட்கள் வந்து இறங்குவார்கள், அவள் ஷிப்டு விட்டதும் தலையில் பஞ்சோடு ஸ்டேஷனுக்குப் போவாள். ஒரு நாள், இரண்டு நாள், ஒரு மாதம். நின்றுகொண்டே இருப்பாள். அவள் நிற்பது அவனுக்குத் தெரியும். நூல் சுற்றும் ரீலிங் டிபார்ட்மெண்டில் பத்து மணி நேரம் நிற்பவள்; இடது காலில் பாரத்தைப் போட்டு, வலது பாதத்தைக் கணுக்காலோடு ஒட்டிவைத்துக் கொக்கு மாதிரி. முழங்கை வரைக்கும் பஞ்சு ஒட்டியிருக்கும், ஊதினால் பறக்கும், ஒரு முறை ஊதியிருக்கிறான். ஒரே ஒரு முறை. பாய்லர் அறைக்குப் பின்னால். “ஏனுங், ஆராச்சும் பாத்தா” என்றாள், ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கையின் சூடு. இங்கே எதுவும் சூடாக இல்லை, டீகூட. வரிசை ஓர் அடி நகர்ந்தது.

“ஹவில்தார இங்கிலீஸ்காரனக் கேக்கச் சொல்லு, ரெண்டு பொண்டாட்டிக்காரன் எந்தப் பேரக் குடுக்கறதுன்னு” என்று எத்திராஜு முன்வரிசைக்குக் குரல் கொடுத்தான். “ரெண்டு பேருக்கும் தந்தி குட்த்துடு நைனா, அடிச்சிக்கினு சாவட்டும்.” சிரிப்பு வந்தது, முதுகுகள் குலுங்கின, அப்புறம் எங்கோ ஆற்றுப் பக்கம் ஒரு குண்டு விழுந்து, சிரிப்பு நின்றது. தூரம்தான். தூரம் என்று கால்களுக்குத் தெரியவில்லை. மாரப்பன் தன் கால்களைப் பார்த்தான். பூட்ஸ் நனைந்து காய்ந்து நனைந்து பிளந்திருந்தது. கடைசியாக வந்த கடிதத்தில், ஒன்பது மாதத்துக்கு முன்னால், சங்கச் செயலாளர் கதிர்வேலு நாட்டு நிலைமையை இரண்டு பக்கத்துக்கு எழுதிவிட்டு, ஓரத்தில் இடமில்லாமல் நெருக்கிப் போட்டிருந்த ஒரு வரி: ‘கால் ஈரத்திலயே இருக்குதானு ரங்காத்தாள் கேக்கச் சொன்னா.’ அவ்வளவுதான். கதிர்வேலு அதைத் திருத்தமான தமிழில் போடக்கூட மெனக்கெடவில்லை, அவள் சொன்னபடியே போட்டுவிட்டான், அந்தச் சோம்பேறித்தனத்துக்கு அவனுக்குக் கோடி கும்பிடு. ஈரத்தில்தான் இருக்கிறது ரங்காத்தா. எப்போதும் ஈரத்தில்தான் இருக்கிறது. இந்தப் பதிலை அவன் எழுதவே இல்லை. அவள் படிக்கத் தெரியாதவள். கடிதம் சங்க ஆபீசுக்குப் போகும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கதிர்வேலு கூட்டத்தில் உரக்கப் படிப்பான், அவள் பெண்களோடு கதவோரம் நின்று கேட்பாள். அந்தக் கூட்டத்தை நினைத்தே எழுதினான். பதினாலு கடிதம். உலக யுத்தத்தின் உண்மை முகம், தொழிலாளி வர்க்கத்தின் கடமை. அதிலும் பாதியைத் தணிக்கைக்காரன் மை பூசி அழித்திருப்பான். பதினாலின் முடிவிலும், ‘தோழியர் அனைவருக்கும் என் வணக்கம்.’ அனைவருக்கும் என்றால் அவளுக்கும்தான் என்று தெரிந்துகொள்வாள் என்று நினைத்தான். அறிவுகெட்டவன். அவனுக்கு எழுத்தைக் கற்றுக்கொடுத்தது அரையணாப் பிரசுரங்கள். அவற்றில் முத்தம் என்ற சொல் வராது. மோட்சம் வரும், திட்டுவதற்காக. இந்த வரிசையில் நின்றபடியே எத்தனையோ முறை மனதுக்குள் எழுதிப் பார்த்துவிட்டான்: அன்புள்ள ரங்காத்தா. அதுவரைக்கும் சரியாக வரும். அடுத்த வரி எங்கிருந்தோ தானாக ‘இன்றைய சூழ்நிலையில்’ என்று ஆரம்பிக்கும். அன்புள்ள ரங்காத்தா, இன்றைய சூழ்நிலையில். அன்புள்ள ரங்காத்தா, நாம் ஏற்கெனவே விளக்கியதுபோல். சீ.

ஒன்பது மாதம். ஒன்பது மாதத்தில் என்னவெல்லாம் ஆகியிருக்கலாம். சங்க ஆபீசைப் பூட்டி சீல் வைத்திருக்கலாம், கதிர்வேலு உள்ளே போயிருக்கலாம், பதினாலாவது கடிதம் தபால் ஆபீஸ் மூலையில் கிடக்கலாம். அவளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கலாம். இந்த நினைப்பு வரும்போதெல்லாம் அவன் வேகமாக வேறு பக்கம் திரும்புவான், தெருவில் கடன்காரனைக் கண்டவன் மாதிரி. இன்றைக்கு வரிசையில் நிற்பதால் திரும்ப இடமில்லை. ஆகியிருக்கலாம். அவள் அம்மா எத்தனை நாள் பொறுப்பாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது ஆகிவிட்டது. ஊரைப் பொறுத்தவரை மாரப்பன் அவளுக்கு யாரும் இல்லை. மேடை போட்டார்கள், பிரித்தார்கள், அவ்வளவுதான். அவன் செத்தால் அவள் விதவைகூட ஆகமாட்டாள். கழுத்திலிருந்து எடுக்க ஒன்றும் இல்லாதவளுக்கு ஊரைக்கூட்டி அழ உரிமை இல்லை. மறுநாள் ஷிப்டுக்குப் போய் நூல் சுற்றவேண்டியதுதான். அங்கே வேண்டுமானால் அழலாம். அங்கே மிஷின் சத்தத்தில் எதுவும் கேட்காது. அங்கேதான் அவள் அவன் பேரைப் பழகினாள். மேடையில் இரண்டு பேரும் ஒருவர் பேரை ஒருவர் கூட்டத்தின் முன் உரக்கச் சொல்லவேண்டும், புருஷன் பேரைச் சொல்லாத அடிமைப் பழக்கத்தை அங்கேயே முறிக்கவேண்டும் என்று அவன்தான் ஏற்பாடு செய்திருந்தான். அவளுக்கு வாய் வரவில்லை. பத்து நாள், ரீல் ஓடுகிற இரைச்சலில், யாருக்கும் கேட்காமல் சொல்லிச் சொல்லிப் பழகியதாக ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். “இப்பச் சொல்லு” என்றான். “மேடையிலதான்” என்றாள். அவள் வாயிலிருந்து தன் பேரை அவன் இன்றுவரை கேட்டதில்லை. பஞ்சும் இரும்பும் கேட்டிருக்கின்றன.

வரிசை நகர்ந்தது, ஐந்து முதுகுகள் மீதி. இனி ஆறாவதைத் தள்ளிவைக்க முடியாது. மேடையைப் பிரித்த அன்றைக்குச் சாயங்காலம். யுத்தகாலச் சட்டப்படி இது கல்யாணமல்ல, தடைசெய்யப்பட்ட கூட்டம் என்று இன்ஸ்பெக்டர் படித்துவிட்டுப் போய்விட்டான். வரவேற்கப் போட்டிருந்த அழைப்புப் பிரசுரம் முந்நூறில் கையில் கிடைத்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டான். இருபது முப்பது பேர் கலையாமல் குழாயடியில் நின்றார்கள். ரங்காத்தாளின் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள், உள்ளங்கையில் எதையோ பொத்தி வைத்திருந்தாள், விரித்தாள், மஞ்சள் கயிறு. நனைத்து மஞ்சள் பூசி, இன்னும் ஈரம் காயாதது. “ஏப்பா மாரா, மேடையத்தான பிரிச்சாங்க, கோயலையா பிரிச்சாங்க? வா சாமி. காளியாத்தா முன்னால ஒரே ஒரு கவுறு. ஒரு நிமிசம். எம்புள்ளைக்கு ஒரு நாதி இருக்குதுன்னு நான் பாத்தரட்டும்.” அவன் அந்தக் கயிற்றைப் பார்த்தான். சுற்றி நின்றவர்களைப் பார்த்தான். அதுதான், அந்தப் பார்வைதான். அவர்களைப் பார்க்காமல் அவளை மட்டும் பார்த்திருந்தால். “கவுறு மாட்டக் கட்டறதுக்குங்க” என்றான். மேடையில் சொல்ல வைத்திருந்த வாக்கியம். மேடை போய்விட்டதே, வாக்கியம் வீணாகப் போகிறதே என்று எடுத்துவிட்டான். கைதட்டினார்கள். விசில்கூட அடித்தார்கள். கிழவி கையை மூடிக்கொண்டாள். ரங்காத்தாள் சிரிக்கவில்லை, அழவில்லை, கையில் ஒட்டிய பஞ்சை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். “கைதட்டு வாங்கீட்டீங்கல்லொ” என்றாள். “போய்ட்டு வாங்க.” ஆறு. மற்ற ஆறையும் செய்தவர்களை அவன் பேர் சொல்லிக் குற்றம் சாட்டுவான், வாத்தியார், மேஸ்திரி, மானேஜர், முதலாளி, இன்ஸ்பெக்டர், ரெக்ரூட்டிங் கிளார்க். ஆறாவதில் பேர் போடவேண்டிய இடம் காலியாக இருந்தது, இவ்வளவு நாளும். கொள்கை தப்பில்லை. இன்றைக்கும் சொல்வான், கயிறு மாட்டுக்குத்தான். ஆனால் அன்றைக்கு அவன் பேசியது கொள்கைக்காக அல்ல. அது அவளுக்கு அப்போதே தெரிந்திருந்தது. அவனுக்கு இங்கே வந்து, சூசையைப் புதைத்த பிறகு தெரிந்தது. ஏழாவதில், பட்டாளத்துக்குப் பேர் கொடுத்த அன்று, ஆளெடுத்த கிளார்க் கேட்டான், கல்யாணமானவனா? சட்டப்படியும் இல்லை, அவன் கொள்கைப்படியும் கூட்டத்தின் முன் பேர் படிக்காதவரைக்கும் இல்லை. பொய் சொல்லாத வாய். இல்லை என்றான். வேறு யாரு உண்டு? அண்ணன். கிளார்க் எழுதினான்.

“மாரப்பன்!”

எபனேசருக்குத் திருநெல்வேலிப் பக்கம். கண்ணாடியின் ஒரு காது போய், நூலால் கட்டியிருந்தது. “நெருங்கிய உறவு, அண்ணன், சின்னான். சரிதானா? சரின்னா ஒரு கையெழுத்தப் போட்டுட்டுப் போ, கஞ்சி ஆறுது.”

“மாத்தோணுங்க.”

“யாருக்கு?”

“சம்சாரத்துக்குங்க.” அந்தச் சொல் அவன் வாயில் புதிதாக, பிறத்தியான் சட்டையைப் போட்டதுபோல இருந்தது.

எபனேசர் காகிதத்தைப் புரட்டினார். “கல்யாணம் ஆகலன்னுல்லா போட்டிருக்கு. எப்பம்லே ஆச்சு? லீவே போகலியே நீ.”

“மொதல்லயே ஆக வேண்டியதுங்க. எங்க ஆளுகளுக்கு அய்யரு, கோயலு கெடயாது. பத்துப் பேத்துக்கு முன்னால பேரப் படிச்சாக் கல்யாணம்.”

“சரி. படிச்சாவளா?”

ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. ஒரு சொல். யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள். பின்னால் எத்திராஜு காத்திருந்தான், ஆற்றுப் பக்கம் இன்னொரு குண்டு விழுந்தது, முன்னதைவிடக் கிட்டத்தில். “இல்லீங்க” என்றான். “படிக்க உடலைங்க.” சட்டைப் பையிலிருந்து பட்டாளப் புத்தகத்தை எடுத்து, அதற்குள்ளிருந்து ஒரு மடிப்பைப் பிரித்தான். போலீஸ் கையில் சிக்காத ஒரே அழைப்புப் பிரசுரம். மூன்று மழைக்காலம் அதைக் கூழாக்கியிருந்தது. அவன் பேர் இருந்த இடத்திலும் அவள் பேர் இருந்த இடத்திலும் ஊதா மை இறங்கிப் படர்ந்திருந்தது. எபனேசர் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து, படிக்க முடிந்ததைப் படித்தார். “அனைவரும் வருக.” கீழே அச்சகத்தின் பேர். “இதுல பொண்ணு பேரே இல்லையே வே.” அதட்டும் ‘லே’ எப்போது மரியாதையான ‘வே’ ஆனது என்று மாரப்பனுக்குத் தெரியவில்லை.

“இருந்துச்சுங்க.”

“சட்டத்துக்கு முன்ன இது நிக்காது. ஒம்ம அண்ணன் ஒரு கடுதாசி போட்டாம்னா இத அடிச்சிட்டு அவன் பேரப் போட்டுருவாவ.” பேனாவை மையில் தோய்த்தார். வெளியே பார்த்தார், ரோட்டுக்கு அப்பால், சூசையைப் போட்ட மூங்கில் மேடு இருந்த பக்கம். “அது மேல எடத்துல நடக்கது. எங்கிட்ட ஒரு ஆளு வந்து சொன்னா நான் எழுதணும். அதுதான் எனக்கு ஆர்டர். விலாசம் சொல்லும்.” மாரப்பன் சொன்னான்: மில் லைன், குழாயடிக்குப் பக்கத்து வீடு. “கதவு நெம்பரு?” லைன் வீடுகளுக்கு நெம்பர் கிடையாது. குழாயடிதான் அடையாளம். குழாய் அங்கேயே இருக்கிறதா, அவள் அங்கேயே இருக்கிறாளா, வேறு எவன் வீட்டிலோ, வேறு எவன் பிள்ளையையோ இடுப்பில் வைத்துக்கொண்டு, தந்திக்காரன் இந்தப் பேரைக் கூப்பிடும்போது பதறிப்போய்ப் புருஷன் முகத்தைப் பார்ப்பாளா. பேனா கரகரத்தது. அப்போதுதான் மாரப்பனுக்கு விளங்கியது, தான் கேட்டு வாங்குவது என்ன என்று. பதினாலு கடிதத்தில் ஒன்றுகூட அவள் பேருக்குப் போனதில்லை. அவள் பேரை மட்டும் எழுதி, அவள் கையிலேயே கொடுக்கவேண்டும் என்று போகப்போகிற முதல் காகிதம் இதுதான். அதில் இன்றைய சூழ்நிலை இருக்காது, அனைவருக்கும் வணக்கம் இருக்காது. அவன் செத்துப்போனான் என்று மட்டும் இருக்கும். அதையும் அவள் வேறு யாரிடமாவது கொடுத்துத்தான் படித்துக்கொள்ளவேண்டும். நிறுத்துங்க என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. நிற்பவள் அவள். ஸ்டேஷனில் அந்தக் கொக்குக் காலோடு நிற்கவேண்டாம், வீட்டுக்குப் போகட்டும்.

“திருத்தினா ரெண்டு சாட்சி முன்னால சத்தமா வாசிக்கணும், அதுதான் சட்டம்” என்றார் எபனேசர். “ஏ எத்திராஜு, இங்க வா. குருசாமி, நீயும் நில்லு.” குருசாமி மாரப்பனுக்கு முன்னால் நின்றவன், தன் புத்தகத்தில் மை காய ஊதிக்கொண்டிருந்தான், வந்து நின்றான். எத்திராஜு, “கல்யாணமா? சாப்பாடு உண்டா அண்ணாத்தே?” என்று ஆரம்பித்தவன் மாரப்பன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான், என்ன தோன்றியதோ, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். அதைப் பார்த்துக் குருசாமியும் கழற்றினான். எபனேசர் எழுந்து நின்றார். எழுந்திருக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. வரிசையில் மிச்சமிருந்தவர்கள் பேச்சை விட்டுவிட்டுத் திரும்பினார்கள், பத்துப் பேருக்கு மேலேயே இருப்பார்கள். அக்கரையிலிருந்து ஒரு குண்டு வந்து எங்கோ சேற்றில் புதைந்து, வெடிக்காமல் அடங்கியது. ஒரு கணம் எந்தச் சத்தமும் இல்லை, நூல் அறுந்ததும் மிஷினை நிறுத்துவார்களே, அதுபோல. எபனேசர் காகிதத்தைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்தார்.

“மாரப்பன். நெருங்கிய உறவு, மனைவி. பேர், ரங்காத்தாள்.”